இருபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில்

கிரேஸ்டன், இங்கிலாந்து
2 மார்ச் 2025

அன்புள்ள ஞானம்பிகை அக்காவுக்குத் தம்பி நகுலேஸ்வரன் எழுதுவது.

இங்கே என் இரத்த அழுத்தத்தைத் தவிர எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் எப்படி? ஜெனனியின் படிப்பு முடிந்ததா?

கடிதத்தைக் கண்டு பதறாதீர்கள். தொலைபேசியில் இந்த விஷயத்தை நான் தொடங்கும் போதெல்லாம் உங்களுக்குப் பஸ் வந்துவிடுகிறது. இல்லையென்றால் நீங்கள் பராமரிக்கிற சிஞ்ஞோரா கூப்பிட்டுவிடுகிறார். பலெர்மோவில் அவ்வளவு பஸ் ஓடுகிறதா என்பதே எனக்குச் சந்தேகம். கடிதம் என்றால் ஆறுதலாக இருந்து வாசிப்பீர்கள்.

எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு இந்த வருடம் வெள்ளிவிழா. வாணிவிழாவன்று மலர் வெளியிடுகிறோம். மலர் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே, வாழ்த்துச் செய்தி பதினைந்து, நகைக்கடை விளம்பரம் முப்பது, தலைவர் மாலையோடு நிற்கும் படம் ஒன்று. இம்முறை உருப்படியாக ஒரு கட்டுரையாவது இருக்கட்டும் என்று 'எமது தொகுதியின் தேர்தல் வரலாறு' எழுதத் தொடங்கினேன். ஆறு சனிக்கிழமை நூலகத்தில் இருந்து எண்ணெல்லாம் எடுத்தாயிற்று. கிரேஸ்டன் கிழக்கு உருவானது 1974இல். அன்றிலிருந்து பதினான்கு பொதுத்தேர்தல், ஏழு தடவை கை மாறியிருக்கிறது. முதல் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 311 வாக்கால் வென்றது. எட்டு மாதத்தில் தொழிற்கட்சி 96 வாக்கால் பறித்துக்கொண்டது. பிள்ளைகள் கதிரை பிடிக்கிற விளையாட்டு மாதிரி இருக்கிறது, வாசிக்க வாசிக்க விட முடியவில்லை.

2015க்குத்தான் உங்கள் கை வேண்டும். அப்போது ஊரே உங்களை 'ஃபோம் அக்கா' என்று கூப்பிட்டது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அத்தனை பேரின் தபால் வாக்குப் படிவத்தையும் நிரப்பியவர் நீங்கள். 2009இல் எங்களோடு வீதியில் நின்ற எம்.பி. கிறிகோரி இருபத்திரண்டு வாக்கால் தோற்றார் என்று நான் எழுதலாம். உங்கள் குசினி மேசை மூன்று மாதம் தேர்தல் கந்தோராக இருந்த கதையை நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டு பக்கம் போதும்.

சோடனைக்கார ஸ்ரீபன் பற்றிய பந்தியை நானே எழுதிவிட்டேன்: "நம்மவரின் தபால் வாக்கு உறைகள் திரு. ஸ்ரீபனிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் அவற்றைத் தபாலில் சேர்க்கவில்லை. இத்துரோகமே எமது தொகுதியின் வரலாற்றை மாற்றியது." தேர்தல் முடிந்து நடந்த பாடசாலைப் பொதுக்கூட்டத்தில் எழும்பி நின்று அவன் முகத்துக்கு நேரே இதைச் சொன்னவன் நான். பத்து வருடமாக வாயில் இருந்தது இனி அச்சிலும் இருக்கட்டும்.

எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தம்பி
நகுலேஸ்வரன்


பலெர்மோ
24 மார்ச் 2025

அன்பின் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானின் முழங்கால் மழைக்கு முதல் நாளே அறிவிக்கிறது, வானொலி தேவையில்லை. ஜெனனிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நான் பேனையோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, "மம்மா, மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்கோவன், ஆர் இப்ப கடிதம் எழுதினம்?" என்று சிரிக்கிறாள். உப்பைக் குறை. உன் மனைவி குறைக்கமாட்டாள், நீயாகத்தான் குறைக்க வேண்டும்.

பஸ் பற்றி நீ எழுதியது அநியாயம். எங்கள் வீடு இருக்கும் பிரான்காச்சோவில் இருந்து சிஞ்ஞோரா வீடு இருக்கும் பொலிதேயாமாவுக்குப் போக ஒன்றே கால் மணித்தியாலம் எடுக்கிறது. பஸ் வராத நாளில் நடந்து பிந்திப் போய் அவரிடம் வாங்கிக் கட்டுகிறேன். சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது. கண் நன்றாக மங்கிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ கேட்ட இரண்டு பக்கம் எழுத எனக்கு ஒன்றும் நினைவில்லை. யோசித்துப் பார், அந்த நாட்டில் எட்டு வருடம் இருந்தும் எனக்கு ஒரு பொதுத்தேர்தலில்கூட வாக்கு இருக்கவில்லை. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருந்த நீங்கள் எல்லோரும் பொதுநலவாய நாட்டுக்காரர் என்று வாக்குப் போட்டீர்கள். இத்தாலிப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கில்லாதவள் வரலாறு எழுதினால் யார் வாசிப்பார்கள்?

ஸ்ரீபனின் பந்தியை எடுத்துவிடு. பழைய கதை. அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. அவன் மனைவி இந்திராதேவி இன்னும் தைக்கிறாளா? அந்தப் பிள்ளை ஆரணி என்ன செய்கிறாள்? ஸ்ரீபன் கலியாண மணவறைச் சோடனைக்குப் போகிறானா? அவனுக்கு உடம்பு சுகம்தானே?

அக்கா
ஞானம்பிகை


கிரேஸ்டன்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உப்பைக் குறைத்துவிட்டேன், சோறு இறங்கவில்லை. மற்றபடி சுகம்.

என் சுகத்தைப் பற்றி ஒரு வரி கேட்டுவிட்டு ஸ்ரீபன் வீட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மணவறைச் சோடனைக்கு அவனை ஒருவரும் கூப்பிடுவதில்லை. பார்சல் வான் ஓட்டுகிறான். கோயிலுக்கு ஆளில்லாத மத்தியானத்தில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறான். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று எழுதலாமா?

நடந்ததை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். தேர்தலுக்கு ஒரு கிழமைக்கு முன் எதிர்க்கட்சி வேட்பாளரின் விழாவுக்கு மேடை சோடித்து, அவரோடு சேர்ந்து நின்ற படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. அதே கிழமைதான் நாற்பத்தாறு உறையையும் உங்கள் வீட்டில் இருந்து ஏற்றிக்கொண்டு போனான். எண்ணுகிற மண்டபத்தில் கட்சி ஆள் ஒருவர் என்னிடம், உங்கள் சனத்தின் தபால் வாக்கில் கொஞ்சம் கணக்கில் சேரவில்லை என்று காதுக்குள் சொன்னார். மூன்று தரம் எண்ணினார்கள். இருபத்திரண்டு. கிறிகோரி எங்களைப் பார்த்துக் கை அசைத்துவிட்டுப் படி இறங்கிய காட்சி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பொதுக்கூட்டத்தில் கேட்டபோது, "நான் போட்டனான்" என்று ஒரே ஒருக்கால் சொன்னான். பிறகு வாயே திறக்கவில்லை. குற்றமில்லாதவன் அப்படி இருப்பானா? உங்களிடம் வேறு விளக்கம் இருந்தால் எழுதுங்கள், மாற்றுகிறேன். நீங்கள் சொன்னால் சபை கேட்கும்.

அன்புடன்
நகுலேஸ்வரன்


பலெர்மோ
11 ஜூன் 2025

அன்பின் தம்பிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை, கோபிக்காதே. உயிர்த்த ஞாயிறு வந்தது, சிஞ்ஞோரா குளியலறையில் விழுந்தார், பிறகு அத்தானுக்கு ஊசி போட்டோம். இதெல்லாம் காரணம்தான், ஆனாலும் ஒரு கடிதம் எழுத நேரமில்லாத அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எட்டாம் ஒன்பதாம் திகதிகளில் இங்கே வாக்கெடுப்பு. குடியுரிமைக்குக் காத்திருக்கும் பத்து வருடத்தை ஐந்தாகக் குறைப்பதா என்பது ஒரு கேள்வி. சிஞ்ஞோராவுக்குக் கண் தெரியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியானவர்கள் தாங்கள் நம்புகிற ஒரு வாக்காளரை வாக்குப் போடும் மறைப்புக்குள் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் என்னைக் கூப்பிட்டார். "ஞானா, என்ர கையாலை போட்டால் எங்கை போய் விழுமோ தெரியாது. நீ வந்து போடு" என்ற அர்த்தத்தில் சிசிலி மொழியில் சொன்னார். உடுத்து, தலை சீவி, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனோம். வாசலில் அந்த மறைப்பைக் கண்டதும் நான் உள்ளே கால் எடுத்து வைக்கவில்லை. இருக்கையில் இருந்துவிட்டேன். கட்டடக் காவல்காரரின் மனைவி சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

என் வாக்கையும் நான் போடவில்லை தம்பி. இந்தக் குடியுரிமைக் கடதாசிக்காகப் பதினாறு வருடம் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் நின்றவள் நான். மேல்மாடியில் வேலை செய்யும் மொரீசியஸ்காரி பிரிஜித்துக்குக் குடியுரிமை இல்லை. "எனக்கு இருந்திருந்தால் ஓடிப்போய்ப் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அவள் செய்தது சரிதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். தபால்காரரே தவறவிட்டிருக்கலாம். அங்கேயும் தபால் தவறும்தானே. அப்படி எழுதிவிடு, ஒருவருக்கும் நோகாது.

பல்லரோ சந்தையில் இன்றைக்கு நல்ல பாரை மீன் வந்தது. உன்னை நினைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

அக்கா


கிரேஸ்டன்
25 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிஞ்ஞோராவுக்கு இப்போது சுகமா? உங்களுக்கு வாசலில் என்ன வந்தது? மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறை மூட்டையையே தபால்காரர் தவறவிட்டார் என்று எழுதினால் மலரை வாசிக்கும் பிள்ளைகளே சிரிக்கும்.

உங்களுக்கு ஒரு செய்தி. ஸ்ரீபனின் மகள் ஆரணி பட்டப்படிப்பு முடித்துவிட்டு எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு எடுக்க விண்ணப்பித்திருந்தாள். தமிழ் நன்றாக எழுதுகிறாள். ஆளும் தேவை. ஆனால் சபையில் ஐந்து பேர் முடியாது என்றார்கள். அந்தத் தகப்பனின் பிள்ளையை எப்படி எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துவது என்று ஒருவர் கேட்டார். செயலாளர் என்ற முறையில் மறுப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.

போன ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று, "மாமா, அப்பா செய்தது பிழைதான். நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்கு நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ, செய்யிறன்" என்றாள். சபையில் திரும்பக் கதைக்கிறேன் என்றேன். திரும்பக் கதைக்கமாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேத்தண்ணி போட்டும் குடிக்கவில்லை.

அந்தப் பந்தி மலரில் வந்துவிட்டால் இனி எந்த வருடமும் அவளை எடுக்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் பிள்ளையே ஒத்துக்கொள்கிற விஷயத்தை நான் எப்படி எழுதாமல் விடுவது? ஜூலை முடிவில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.

நகுலேஸ்வரன்


பலெர்மோ
14 ஜூலை 2025

தம்பி,

எல்லோரும் சுகம். ஊரெல்லாம் இன்றைக்குச் சாந்த ரொசாலியாவின் திருவிழா, அத்தானும் ஜெனனியும் போய்விட்டார்கள். வீட்டில் ஒருவரும் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஐந்து நாளாகத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ரீபன் உறைகளைப் போட்டான். நாற்பத்தாறையும் போட்டான். எல்லாம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் இருபத்தொன்பதை அவர்கள் பிரித்து எண்ணவில்லை. அதற்குக் காரணம் நான்.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். தபால் வாக்குக் கேட்டு விண்ணப்பிக்கும்போது பிறந்த திகதியும் கையொப்பமும் கொடுக்க வேண்டும். பிறகு வாக்குச்சீட்டோடு வரும் தாளிலும் அதே திகதி, அதே கையொப்பம். இரண்டும் பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் வாக்கு செல்லாது. நம் சனத்தில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்த திகதி இருப்பது உனக்குத் தெரியும். தாய் பெற்ற திகதி ஒன்று, ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டில் போட்ட திகதி ஒன்று. தை மாதம் விண்ணப்பம் நிரப்பும்போது ஒவ்வொருவரின் விசா அட்டையையும் கையில் வாங்கிப் பார்த்து எழுதினேன். சித்திரையில் வாக்குச்சீட்டு வந்தபோது ஒரே பின்னேரத்தில் நாற்பத்தாறு பேர் வந்து குசினியில் நின்றார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள், ஸ்ரீபன் வானை நிற்பாட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான். அட்டை ஒருவரும் கொண்டுவரவில்லை. எனக்கு என்ன கவலை? என்னிடம் கோயில் அர்ச்சனைக் கொப்பி இருந்தது. பிறந்தநாள் அர்ச்சனைக்காக எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் திகதியும் நானே எழுதி வைத்த கொப்பி. அதைப் பார்த்து மடமடவென்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் கையெழுத்து வைத்தார்கள். கடவுளுக்குச் சொன்ன திகதியைத்தான் கவுன்சிலுக்கும் சொன்னேன், ஒரு பொய்யும் எழுதவில்லை. அதுதான் பிழை.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சுஜீவன் ஒரு கடிதம் கொண்டுவந்தான். இந்திராதேவியின் தம்பி, பேக்கரியில் நின்றவன். பிரிக்காமலே கொண்டுவந்தான். வழக்கமாக எல்லோரும் அப்படித்தான் கொண்டுவருவார்கள். பிரித்தேன். "நீங்கள் எழுதிய பிறந்த திகதி எங்கள் பதிவோடு பொருந்தாததால் உங்கள் வாக்கு எண்ணப்படவில்லை" என்று இருந்தது. "என்னவாம் அக்கா?" என்று கேட்டான். அவனுடைய நிரந்தர விசா விண்ணப்பம் அப்போது குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. இந்த இரண்டு திகதிக் கதை அந்தக் கந்தோருக்குப் போனால் அவனை நாட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தேன். "ஒண்டுமில்லையடா, வோட்டுப் போட்டதுக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கினம்" என்றேன். அவன் சந்தோசமாகப் போனான். அந்தக் கிழமைக்குள் இன்னும் இருபத்தேழு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அதே நன்றியை வாசித்தேன். கடிதங்களை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு நீ பொதுக்கூட்டத்தில் எழும்பினாய். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தேன். ஸ்ரீபன் "நான் போட்டனான்" என்று சொல்லிவிட்டுச் சபையைச் சுற்றிப் பார்த்தான். என்னில் வந்ததும் கொஞ்சம் நின்றான். நான் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

எண்ணப்படாத இருபத்தொன்பதில் அவனுடையதும் ஒன்று. அவனுக்கு வந்த கடிதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவரவில்லை. ஏன் என்று நான் என்னையே கேட்கவில்லை. அடுத்த வருடம் அத்தானுக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு வெளிக்கிட்டோம். குளிர் அவருக்கு நன்றாகவே ஒத்துவந்தது.

இருபத்தொன்பது பேரின் கடதாசி ஆபத்தாகும் என்பது நல்ல காரணம்தான். அதைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு நான்கு வருடம் படுத்தேன். 2019இல் சுஜீவனுக்கும் நிரந்தர விசா வந்துவிட்டது, கடைசியாக மிஞ்சியவனும் தப்பிவிட்டான் என்று நீதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னாய். அதற்குப் பிறகும் ஆறு வருடம் வாய் திறக்கவில்லை. அந்த ஆறு வருடத்துக்கு என்னிடம் காரணம் இல்லை. ஃபோம் அக்கா என்ற பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன், அவ்வளவுதான். உன் தொகுதி 2017இலேயே திரும்பிவிட்டது. பிறகு இன்னும் இரண்டு தரம் மாறிவிட்டது. அந்த மனிசன் மட்டும் இன்னும் 2015இல் நிற்கிறான்.

இதை அப்படியே மலரில் போடு. யாருடைய திகதி என்று போடாதே. என் பெயரை முழுதாகப் போடு.

ஞானம்பிகை


கிரேஸ்டன்
30 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அவ்வளவு சுகமில்லை, மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் ஜூலை 24ஆம் திகதியே கிடைத்தது. அச்சுக்குக் கொடுக்க ஒரு கிழமை இருந்தது. பிந்திக் கிடைத்தது என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். உங்களுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை.

ஸ்ரீபனின் பந்தியை எடுத்துவிட்டேன். "தவிர்க்க முடியாத காரணங்களால் சில தபால் வாக்குகள் கணக்கில் சேரவில்லை" என்று போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் போடவில்லை. திகதி விஷயம் வெளியில் வரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. திகதியைச் சொல்லாமலே எழுதலாம் என்று நீங்கள்தான் வழியும் காட்டியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அந்த மண்டபத்தில், அதே இடத்தில், "நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்று எப்படி எழும்பி நிற்பது? நீங்கள் ஒரு திகதியைத்தான் பிழையாக எழுதினீர்கள். நான் ஒரு ஆளைச் சபையில் வைத்துத் துரோகி என்று கூப்பிட்டவன். உங்கள் மேல் கோபப்பட முயன்றும் பார்த்தேன், ஒரு கிழமைக்கு மேல் அது நிற்கவில்லை.

இனி அவனைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதப்போவதில்லை. இதோடு விட்டுவிடுவோமா?

நகுலேஸ்வரன்


பலெர்மோ
10 செப்டெம்பர் 2025

தம்பிக்கு,

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

விட முடியாது. நீ பந்தியை எடுத்ததால் அச்சில் அவன் துரோகி இல்லை. கோயிலில், கடையில், பாடசாலைச் சபையில் இன்னும் துரோகிதான். அந்தப் பிள்ளை உன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதை எழுதியவன் நீ. எழுதிவிட்டு எப்படி அடுத்த பக்கம் புரட்டினாய்?

உன்னை நான் குற்றம் சொல்ல வரவில்லை. உன் வாயில் அந்தப் பொய்யை வைத்தவள் நான். நீ எழும்பி நின்ற நேரத்தில் நானும் எழும்பியிருந்தால் நீ உடனே கதிரையில் இருந்திருப்பாய்.

நேற்று ஸ்ரீபனுக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பொலிதேயாமா தபால் கந்தோரில் பதிவுத் தபாலாக. இனி நீ எழும்புவதும் இருப்பதும் உன்னுடைய விருப்பம்.

அக்கா


கிரேஸ்டன்
4 ஒக்டோபர் 2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு ஸ்ரீபன் எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் அண்ணையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வேலையில் வானுக்குள் இருந்து வாசித்தேன். உங்கள் தம்பியும் வாணிவிழா முடிந்து மலரோடு வீட்டுக்கு வந்தார். பத்து வருடத்துக்குப் பிறகு வந்தார். மலரைத் தந்தார், தேத்தண்ணி குடித்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எனக்கு 2015இலேயே தெரியும் அக்கா. கவுன்சில் கடிதத்தை நானே போனில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வாசித்தேன். என் திகதி பொருந்தவில்லை என்று இருந்தது. எனக்கு இரண்டு திகதி. சுஜீவனுக்கும் இரண்டு. அப்போதே எல்லாம் பிடிபட்டுவிட்டது. கூட்டத்தில் அதைச் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன், மச்சான் போயிருப்பான். அதனால் சொல்லவில்லை. கடிதத்தை ஸிங்கில் வைத்து எரித்துவிட்டேன். நீங்கள் குனிந்து பையைப் பார்த்ததையும் கண்டேன். அக்காவும் அவர்களுக்காகத்தான் பொறுக்கிறா என்று நினைத்தேன். சுஜீவனுக்கு விசா வந்ததும் சொல்லுவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து ஆறு வருடம்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டேன் என்று இப்போது பொய் சொல்ல விருப்பமில்லை.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. என் வீட்டிலும் நான்தான் எறிந்தேன் என்று நம்புகிறார்கள். இந்திராதேவிக்கு உண்மையைச் சொன்னால் தன் தம்பியை நினைத்துப் பயந்து நாலு பேரிடம் போய்ப் புலம்புவாள் என்று அவளுக்கும் சொல்லவில்லை. ஆரணிக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். வந்து, "அப்பா, ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டாள். இல்லை என்றால், அப்படியென்றால் வாக்கு எங்கே என்று கேட்பாள். கெட்டிக்காரப் பிள்ளை, கண்டுபிடித்துவிடுவாள். "கோவத்திலை செய்துபோட்டன்" என்று சொன்னேன். அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையை அவள் பிறகு மாற்றவில்லை. மரியாதையாகத்தான் நடக்கிறாள். ஆனால் வானில் என் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வருவாளே, அந்தப் பிள்ளை அன்றைக்கே போய்விட்டது.

இப்போது நான் போய்ச் சொன்னால், தனக்குப் பாடசாலையில் இடம் கிடைப்பதற்காக அப்பா கதை கட்டுகிறார் என்றுதான் நினைப்பாள். என் கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை. ஊருக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். என் பிள்ளைக்கு மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

ஸ்ரீபன்


பலெர்மோ
15 ஒக்டோபர் 2025

அன்புள்ள பிள்ளை ஆரணிக்கு,

நான் நகுலேஸ்வரன் மாமாவின் அக்கா, ஞானம்பிகை. நீ சின்னப் பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வருவாய். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுகம் விசாரித்து விசாரித்தே எனக்குப் பத்து வருடம் போய்விட்டது.

2015 சித்திரையில் உன் அப்பா எங்கள் சனத்தின் நாற்பத்தாறு உறைகளையும் தபாலில் போட்டார். ஒன்றையும் எறியவில்லை. அதில் இருபத்தொன்பது வாக்கு எண்ணப்படாமல் போனது அவர்களின் பிறந்த திகதிகளை நான் பிழையாக எழுதியதால். கவுன்சில் அதைச் சொல்லி அவர்களுக்கு அனுப்பிய கடிதங்களை நான் பிழையாக வாசித்துக் காட்டி, கிழித்து எறிந்தேன். உன் அப்பாவைச் சபையில் வைத்துக் குற்றம் சொன்னபோது அங்கேயே இருந்தேன். பேசாமல் இருந்தேன்.

உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். சொன்னால் உன் சுஜீவன் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டு.

யாருடைய திகதி என்ற விவரம் இல்லாமல், என் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்துப் பாடசாலைச் சபைக்கும் கோயிலுக்கும் இன்றைக்கே அனுப்பியிருக்கிறேன். 26ஆம் திகதி பொதுக்கூட்டம் என்று தம்பி சொன்னான். அதற்கு நான் வருகிறேன். தானும் என்னோடு எழும்பி நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். நின்றாலும் நிற்காவிட்டாலும் நான் நிற்பேன். நீ எங்களை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. உன் வீட்டு வாசலுக்கு வந்தால் கதவைத் திறக்க வேண்டும் என்றும் கேட்கமாட்டேன்.

பதினான்கு வயதில் நீ அப்பாவிடம் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாயாம். கோபத்தில் செய்ததாகச் சொன்னாராம். பிள்ளை, அவர் செய்யவுமில்லை, அவருக்குக் கோபமும் இருக்கவில்லை. அவர் உனக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் சொல்ல வைத்தவள் நான்.

ஞானம்பிகை